என் கணவருக்கு ஓட்டு இருந்தது, எனக்கு இல்லை: சபைத் தேர்தலில் நான் பட்ட பாடு

எங்கள் கிறிஸ்தவ சபையில் பாஸ்டரேட் கமிட்டி, அதாவது சபையை நிர்வகிக்கும் குழு, அதற்குத் தேர்தல் வந்தது. வாக்காளர் பட்டியலைக் கோயில் வாசல் பலகையில் ஒட்டினார்கள். அதில் என் கணவர் பெயர் இருந்தது. அவரை அடக்கம் செய்து வருஷங்கள் ஆகிவிட்டன, அதுவும் அதே சபையின் கல்லறைத் தோட்டத்தில். என் பெயர் இல்லை. எழுத்துப்பிழையாக வேறு வரிசையில் போயிருக்கும் என்று மேலும் கீழும் தேடினேன், இல்லவே இல்லை. பெண்களுக்கான இடத்துக்கு நீங்கள் நில்லுங்கள் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாலு பேர் சொல்லி, நானும் சரி என்றிருந்த நேரம் அது. நிற்பது இருக்கட்டும், எனக்கு ஓட்டே கிடையாது என்று அந்தக் காகிதம் சொன்னது. அதற்குப் பிறகு அலைந்த அலைச்சலையும், செலவான பணத்தையும், நடுவில் கற்றுக்கொண்டதையும் எழுதி வைக்கிறேன். இதை முன்கூட்டியே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

எந்த ஊர், எந்தத் திருச்சபை என்று சொல்லப் போவதில்லை. காவிரி கடலில் சேரும் பக்கத்தில் ஒரு பழைய புராட்டஸ்டண்ட் சபை, அவ்வளவு போதும். நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அதனால் எல்லா இடத்துக்கும் தனியாகத்தான் போனேன்.

சபைத் தலைவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, சரி. உள்ளே இருக்கும் நம்மில் பலருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் இது பழைய கதை. ஜெர்மன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்ச்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706-இல். இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்ட் குருவானவராக ஆரோன் ஐயர் அபிஷேகம் பெற்றது 1733-இல், அதே தரங்கம்பாடியில். அதன் பிறகும் வெகுகாலம் யாரை எங்கே வைப்பது என்பதை மிஷனரிகள்தான் தீர்மானித்தார்கள். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-இல் உருவானது, தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று. நிர்வாகம் நம் ஆட்கள் கைக்கு வந்தது, கூடவே தேர்தலும் வந்தது. தென்னிந்தியத் திருச்சபையை உதாரணமாக எடுத்துக்கொண்டால், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சபையார் பாஸ்டரேட் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல சபைகள் சேர்ந்தது பேராயம், அதன் தலைவர் பிஷப். அந்தப் பேராய மன்றத்துக்கு, அதாவது எல்லோரும் டி.சி. என்று சொல்கிறோமே, அதற்கும் பிரதிநிதிகள் போகிறார்கள். பிஷப் இடம் காலியானால் அந்த மன்றம் வாக்களித்து ஒரு பெயர்ப் பட்டியலை மேலே அனுப்புகிறது. அதிலிருந்து ஒருவரை, எல்லாப் பேராயங்களுக்கும் மேலான சினாட் தெரிவு செய்கிறது. ஆயரை, அதாவது சபையை நடத்தும் குருவானவரை, சபையார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, பேராயம்தான் மாற்றலில் அனுப்புகிறது. மற்றத் திருச்சபைகளில் விவரங்கள் வேறாக இருக்கும். ஆனால் தேர்தல் உள்ள இடங்களில் எல்லாம் அடிமட்டத்தில் இருப்பது ஒன்றுதான்: யார் சபை அங்கத்தினர் என்று சொல்கிற அந்தப் பட்டியல்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா கத்தோலிக்கர். நான் அலைவதைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல டீச்சர், சண்டை போட இடமே கிடையாது" என்று சிரித்தார். உண்மைதான். ஆயர் என்று அவர்கள் சொல்வது பிஷப்பை. அவரை நியமிப்பவர் போப்பாண்டவர், பங்குத்தந்தையை அனுப்புபவர் அந்த பிஷப். பங்குப் பேரவைக்கு அன்பியங்கள் என்ற தெருவாரிக் குழுக்களிலிருந்து ஆட்கள் வந்தாலும் அது ஆலோசனை சொல்லத்தான், முடிவு எடுக்க இல்லை. நிதிக்குழு மட்டும் எல்லாப் பங்கிலும் இருந்தாக வேண்டும் என்று அவர்கள் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. இன்னொரு பக்கம், ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் சுயாதீன ஜெபவீடுகளில் பாஸ்டர் ஆரம்பித்தார், பாஸ்டருக்குப் பிறகு அவர் மகன் என்று போகிறது. அவற்றோடு ஒப்பிட்டால் எங்கள் முறை நல்லது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நல்ல முறை என்பதால்தான் அதை வளைக்க அவ்வளவு பேர் பாடுபடுகிறார்கள்.

ஒரு கிராமத்துச் சபைக் கமிட்டிக்கு ஏன் இத்தனை போட்டி என்று மகனே கேட்டான். நிலம் இருக்கிறது தம்பி என்றேன். எங்கள் பக்கத்துப் பழைய சபைகளுக்கு நஞ்சை உண்டு, தோப்பு உண்டு, சில இடத்தில் கடைவீதியில் கட்டடமும் உண்டு. குத்தகை யாருக்கு, எத்தனை மூட்டைக்கு என்பதில் கமிட்டிக்குக் கை இருக்கிறது. பள்ளிக்கூடம் இருந்தால் வேலை போடும் விஷயம் வேறு. டி.சி. மெம்பர் ஆகிவிட்டால் பிஷப் தேர்தல் வரைக்கும் அந்த ஒரு ஓட்டுக்கு மதிப்பு. அப்புறம், வெளியில் சொல்லக் கூச்சப்படும் காரணம் ஒன்று: அணி என்று நாம் சொல்வது பல சமயம் தெருதான், தெரு என்பது சாதிதான். கோயிலுக்குள் சாதியை விட்டுவிட வேண்டும் என்று பிஷப் வில்சன் 1833-இல் உத்தரவு போட்டபோது தஞ்சாவூர்ச் சபையில் எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பது சரித்திரம். உட்காரும் இடத்தில் அது போயிருக்கலாம். பேனல், அதாவது அணியின் வேட்பாளர் பட்டியல், போடும்போது யார் யார் பெயர் எந்தப் பக்கம் என்று பார்த்தால் அது எங்கே போயிற்று என்று தெரியும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பட்டியலைப் பார்த்த அன்றே செயலாளர் வீட்டுக்குப் போனேன். என்னிடம் படித்த பிள்ளை அவர். உட்கார வைத்து, காபி கொடுத்து, "டீச்சர், உங்க பேர்ல சந்தாவே இல்லையே, நான் என்ன பண்றது?" என்றார். ஒவ்வொரு வருஷமும் 1,200 ரூபாய் கட்டியிருக்கிறேன், வசூலுக்கு வருபவர் வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொண்டு போவார். ரசீதுகளை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். எல்லா ரசீதிலும் என் கணவர் பெயர். அவர் காலமான பிறகு நான் கட்டிய பணத்துக்கும் அவர் பெயரிலேயே எழுதியிருந்தார்கள், ஏனென்றால் குடும்ப அட்டை அவர் பெயரில் இருந்தது. ஆக, சபைக் கணக்குப்படி இறந்தவர் சந்தா பாக்கியில்லாமல் கட்டிக்கொண்டிருக்கிறார், அவர் ஓட்டுப் போடலாம். உயிரோடிருக்கும் நான் ஒரு பைசா கட்டவில்லை. அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பு வந்தது, வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்று அழுதுவிட்டேன்.

இந்தப் பிரச்சினை விதவைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். திருமணம் ஆகாத மகள், வேலைக்குப் போகும் மகன், மாமனார் மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கும் மருமகள், எல்லோருக்கும் இதே கதைதான். குடும்பத் தலைவர் பெயரில் ஒரே ரசீது போடும் சபை என்றால், ரசீதிலேயே "இன்னார் இன்னாருக்காக" என்று வயதுக்கு வந்த எல்லோர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். எழுத இடம் இல்லை என்பார்கள், பின்பக்கம் எழுதி கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். குடும்பத் தலைவர் இறந்தால் கரண்ட் கனெக்‌ஷன், பட்டா, ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் பெயர் மாற்றுகிறோம். சபை அட்டையில் மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. இறப்புச் சான்றிதழ் நகலோடு ஒரு கடிதம் கொடுத்தால் போதும், செலவே கிடையாது. இன்னொன்று: அறுப்பின் பண்டிகைக்குக் கொடுப்பது சந்தாவில் சேராது. என் கணவர் வருஷா வருஷம் நெல் மூட்டை கொடுத்து, அதை ஏலத்தில் தானே கூடுதல் விலைக்கு எடுத்து, மறுபடி கோயிலுக்கே விட்டுவருவார். அதெல்லாம் காணிக்கை. ஓட்டுரிமைக்கு அந்தப் பணம் ஒரு பைசாவுக்கும் உதவாது.

அடுத்தது ஆயர். நல்ல மனிதர், வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. "அம்மா, பட்டியல் என் கையில இல்லீங்க, அவங்க தயார் பண்ணிக் கொண்டுவந்தாங்க, நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். எழுதிக் கொடுங்கள் என்றும் சொன்னார். எதன் அடிப்படையில் எழுதுவது? விதி என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. சட்டதிட்டப் புத்தகம் வேண்டும் என்று கேட்டேன். ஸ்டாக் இல்லை என்றார்கள். கமிட்டியில் இருந்தவர்களிடம் கேட்டேன், யாரிடமும் இல்லை, பாதிப் பேர் பார்த்ததும் இல்லை. கடைசியில் பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற குருவானவர் ஒருவரிடம் அட்டை கிழிந்த ஒரு பிரதி கிடைத்தது. அவர் அதைக் கொடுக்கும்போது, "வாக்காளர் தகுதி எந்தப் பிரிவுன்னு முதல்ல பாருங்க, ஆட்சேபணைக்கு எத்தனை நாள்னு அடுத்துப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். எனக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே உருப்படியானது அதுதான். பட்டியல் ஒட்டிய நாளிலிருந்து ஆட்சேபணைக்குக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் அவரைப் பார்த்து இவரைப் பார்த்து நல்லபடியாகப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று நினைப்போம், அந்த நல்ல பேச்சிலேயே கெடு முடிந்துவிடும். என்னை உட்கார வைத்து காபி கொடுத்தவர் இந்தக் கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புத்தகம் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி. உங்கள் சபையோ அதன் மேல் அமைப்போ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கமாக இருந்தால், அதன் துணைவிதிகள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். சங்கமாகப் பதியாமல் டிரஸ்டாகவோ கம்பெனியாகவோ இருந்தால் இந்த வழி சரிப்படாது. தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகளை வைத்திருக்கும் டிரஸ்ட் அசோசியேஷன் கம்பெனிச் சட்டப்படி பதிவானது. ஆர்.டி.ஐ. போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், என்னிடமும் சொன்னார்கள். தகவல் உரிமைச் சட்டம் அரசு அலுவலகங்களுக்கும் அரசிடமிருந்து கணிசமாக நிதி பெறும் அமைப்புகளுக்கும்தான். சபை அலுவலகத்துக்கு மனு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் நாள்தான் போகும்.

ஆட்சேபணைக் கடிதம் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், நகலில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். அது வழக்கமில்லையாம். திரும்ப வாங்கி, தபாலாபீசுக்குப் போய் ஒப்புகையோடு அனுப்பினேன். ஒன்று ஆயருக்கு, ஒன்று தேர்தல் அதிகாரிக்கு, ஒன்று தலைமை அலுவலகத்துக்கு. இந்த ஒப்புகை அட்டைகள்தான் பிறகு என்னைக் காப்பாற்றின. கடிதத்தில் கோபத்தைக் காட்ட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் எழுதியது நாலு பக்கம், யார் யார் எப்படிப்பட்டவர்கள் என்று எல்லாம் இருந்தது. அந்த ஓய்வுபெற்ற ஐயா அதைப் படித்துவிட்டு, கிழித்துப் போடச் சொன்னார். விதி எண், என் ஞானஸ்நானம், திடப்படுத்தல் (விவரம் தெரிந்த வயதில் விசுவாசத்தை உறுதி செய்யும் சடங்கு) விவரம், ரசீது எண்கள், நான் கேட்பது என்ன, இவ்வளவுதான் இருந்தது அனுப்பியதில். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

தேர்தல் அதிகாரி வெளிச்சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வெஸ்ட்ரியில், அதாவது கோயிலை ஒட்டிய அறையில், விசாரணை வைத்தார். சந்தா விஷயத்தில் அவருக்கு என் நியாயம் புரிந்தது. அடுத்த கேள்வி நான் எதிர்பாராதது: திடப்படுத்தல் எங்கே, எந்த வருஷம், சான்று இருக்கிறதா? நான் பிறந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். சின்ன வயதில் அங்கே திடப்படுத்தல் பெற்றேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, இத்தனை வருஷம் இதே பீடத்தில் திருவிருந்து வாங்கியிருக்கிறேன். என் பிறந்தகத்துச் சபையிலிருந்து மாறுதல் கடிதம் வாங்கி வந்து இங்கே கொடுத்ததாக எந்தப் பதிவும் இல்லை. ஆணுக்கு இந்தக் கேள்வி வருவதேயில்லை, அவன் பிறந்த கோயிலிலேயே இருக்கிறான். கல்யாணமாகி வந்த எங்கள் சபைப் பெண்களில் எத்தனை பேர் மாறுதல் கடிதம் கொடுத்திருப்பார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அவர்கள் பெயரெல்லாம் பட்டியலில் இருந்தது. யாரும் ஆட்சேபிக்காதவரை இருக்கும். அடுத்த தேர்தலில் அவர்களில் ஒருத்தி நிற்கட்டும், அப்போது வரும் இந்தக் கேள்வி.

நாளில்லாததால் வாடகைக் கார் பிடித்துப் பிறந்த ஊருக்கு ஓடினேன். 3,200 ரூபாய். அங்கிருந்த ஆயர் பழைய பதிவேடுகளை மேஜை மேல் எடுத்துப் போட்டுப் பொறுமையாகத் தேடினார். மழைநீர் இறங்கிச் சில பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. என் பெயர் இருந்தது, அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறி. அதே மாதிரி எழுதி, இரண்டும் ஒருவரே என்று குறிப்புப் போட்டுச் சான்று கொடுத்தார். அவரிடம் நான் கேட்காமலே மாறுதல் கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டார். இளம் பெண்களுக்கு இதைத்தான் சொல்வேன்: கல்யாணத்துக்குச் சேலை எடுக்கும் வாரத்திலேயே ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, மாறுதல் கடிதம் மூன்றையும் பிறந்தகத்துச் சபையில் வாங்கிவிடுங்கள். புகுந்த இடத்தில் கொடுத்ததற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பதிவேடு என்றைக்கும் அப்படியே இருக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் உத்தரவாதமில்லை. புயலும் வெள்ளமும் கேட்டுவிட்டா வருகின்றன?

நடுவில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பயம் கொடுத்தது. என் பெயர் விடுபட்ட செய்தி பரவியதும், எதிரணியைச் சேர்ந்த மூன்று பேர் ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்தார்கள். வயதில் பெரியவர்கள், என் கணவருக்குப் பழக்கமானவர்கள். "நீங்க பேரும் கையெழுத்தும் மட்டும் கொடுங்கம்மா, வக்கீல் செலவு முழுக்க எங்களோடது. முன்சீப் கோர்ட்ல தடை வாங்கிடலாம்" என்றார்கள். அந்த நேரத்தில் எனக்காக வந்து நின்றவர்கள் அவர்கள் மட்டும்தான். கையெழுத்துப் போட்டிருப்பேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மாயவரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் தெளிவாகச் சொன்னார்: வழக்கு என் பெயரில் இருக்கும், வாதி நான். வக்கீலுக்குப் பணம் கொடுப்பவர் வேறு, அவர் சொல்கிறபடிதான் வழக்கு நடக்கும். நாளைக்கு இரண்டு அணியும் இடங்களைப் பங்கு போட்டுச் சமாதானமாகிவிட்டால் வழக்கை வாபஸ் வாங்கச் சொல்வார்கள், என் ஓட்டு என்ன ஆயிற்று என்று கேட்க ஆளிருக்காது. தோற்றால் எதிர்த்தரப்புச் செலவை என் தலையில் போடவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. திருச்சபைத் தேர்தல் வழக்குகள் உயர்நீதிமன்றம் வரை போய், ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளாக நியமிக்கும் நிலை தமிழ்நாட்டில் பலமுறை வந்திருக்கிறது. அப்படி வந்த இடங்களில் முதலில் வழக்குப் போட்டவர்களின் குறை தீர்ந்ததா என்பது வேறு விஷயம். தேர்தல் சண்டையில் உங்களுக்கு அநியாயம் நடந்தால் உதவ முதலில் ஓடிவருகிறவர்களுக்கு அந்த அநியாயம் தேவைப்படுகிறது. அவர்கள் டீயைக் குடியுங்கள், காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீலம்மாவே ஒரு நோட்டீஸ் அனுப்பினார். ஆலோசனைக்கும் நோட்டீசுக்கும் சேர்த்து 6,500 ரூபாய் ஆனது, தெரிந்தவர் என்பதால் குறைத்து வாங்கினார். அது போன பிறகு தலைமை அலுவலகத்தில் என் கடிதத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன் அங்கே போனபோதெல்லாம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, சம்பந்தப்பட்டவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்ற பதிலோடு கடைசி பஸ்ஸில் திரும்பியிருக்கிறேன். அந்த அலுவலகச் சுவரில் ஒரு காலண்டர், அதில் பெண் குருவானவர்கள் வரிசையாக நிற்கும் படம். 1976-இலேயே தென்னிந்தியத் திருச்சபை பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டது. 2013-இல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார் பிஷப்பாகவே ஆகிவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஒரு ஓட்டு கொடுங்கள் என்று கேட்க உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் துணைப்பட்டியல் என்று ஒன்று ஒட்டினார்கள், என் பெயர் வந்தது. அதற்கு முன்பாக, என் பெயரில் சந்தா நிலுவை என்று 3,600 ரூபாயை மறுபடி கட்டச் சொன்னார்கள். ஏற்கெனவே கட்டிய அதே பணத்தை இன்னொரு முறை. கட்டினேன், ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு. பஸ், ஜெராக்ஸ், தபால் என்று சில்லறையாகப் போனது 4,000 இருக்கும். எல்லாம் சேர்த்து 17,300 ரூபாய். என் பென்ஷனில் அது சின்னத் தொகை இல்லை. ஆனால் துணைப்பட்டியல் வருவதற்குள் வேட்புமனுக் கெடு முடிந்துவிட்டது. பெண்கள் இடத்துக்கு ஒரே மனு, செயலாளரின் கொழுந்தியா, போட்டியின்றித் தேர்வு. பட்டியலில் பெயர் சேர்க்கும் கெடுவும் வேட்புமனுக் கெடுவும் எத்தனை நாள் இடைவெளியில் இருக்கின்றன என்பதைத் தேர்தல் அட்டவணை வந்த அன்றே பாருங்கள். இடைவெளியே இல்லாமல் அட்டவணை போட்டிருந்தால் அதையே முதல் ஆட்சேபணையாக எழுதுங்கள்.

தேர்தல் ஞாயிறு அன்று ஆயர் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கம் செய்தார். நற்சாட்சி உள்ள ஏழு பேரைச் சபையார் தேர்ந்தெடுத்த பகுதி. எல்லாத் தேர்தலுக்கும் இதைத்தான் எடுப்பார்கள். அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தை அவர் தொடவில்லை. அன்றாடப் பங்கீட்டில் விதவைகளை விட்டுவிட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்ததால்தான் அந்த ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கவே வேண்டி வந்தது. விதவைகளுக்காக அந்தப் புகார் எழாவிட்டால் அந்தத் தேர்தலே இல்லை. ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது இதை ஆயரிடம் சொன்னேன். முகம் சுருங்கிப்போனது அவருக்கு. அப்புறம் வெளியே வேன்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள், கிறிஸ்துமசுக்குக்கூடப் பார்க்காத முகங்கள். யார் வீட்டிலோ பிரியாணி. நான் என் ஓட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சீட்டுப் போடுவதே மேல் என்று சிலர் சொல்வார்கள். யூதாசுக்குப் பதில் மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் சேர்த்தார்கள். எகிப்தின் காப்டிக் திருச்சபையில் 2012-இல் போப் தவத்ரோசைத் தேர்ந்தெடுத்தபோதுகூட, மூன்று பேர் வரை வாக்கெடுப்பு, அதற்குப் பிறகு கண்ணைக் கட்டிய ஒரு சிறுவன் எடுத்த சீட்டுதான். நாம் சோழ நாட்டுக்காரர்கள், குடவோலையைப் பற்றிப் பெருமை பேசாத மேடை இல்லை. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடத்திலிருந்து சிறுவன் ஓலை எடுக்கும் முறை இருக்கிறது, உண்மைதான். அது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை, எனக்கும் உங்களுக்கும் அதில் இடம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு அதில் பிடித்தது ஓலை இல்லை, தகுதிப் பட்டியல். வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, அவன் உறவினரும் நிற்கக் கூடாது. சமீபத்தில் பதவியில் இருந்தவன் சில ஆண்டு விலகி இருக்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆன அந்த இரண்டு விதியை எங்கள் சபையில் கொண்டுவந்தால் அந்தத் தேர்தலில் நின்றவர்களில் பாதிப் பேர் நின்றிருக்க முடியாது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தணிக்கை செய்த கணக்கை வாசித்தார்களா என்று கேளுங்கள். வாசிக்கவில்லை என்றால் வாக்காளர் பட்டியலும் ஒழுங்காக இருக்காது, இரண்டையும் எழுதுவது பெரும்பாலும் ஒரே கை.

தேர்தலுக்குப் பிறகு சில மாதம் கோயிலுக்குப் போகப் பிடிக்கவில்லை. பெண்கள் சங்கத்தில் என்னை நிற்கச் சொன்னவர்களில் இரண்டு பேர் எதிரில் வந்தால் தெருவை மாற்றினார்கள். கோயில் பெயரை வக்கீல் வரைக்கும் இழுத்தவள் என்று பேச்சு. பக்கத்து ஊர்ச் சபைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இதை யாராவது செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: பல சபை விதிகளில் தொடர்ந்து திருவிருந்தில் பங்கு பெறாவிட்டால் அங்கத்தினர் உரிமை போகும் என்று உண்டு. மனம் உடைந்து ஒதுங்கினால், பெயரை எடுக்க அதுவே காரணமாகிவிடும். அந்த ஐயா சொல்லித்தான் திரும்பிப் போனேன். பக்தியாலா என்று கேட்டால், முதல் சில வாரம் இல்லை.

பொதுக்கூட்டத்தில் இரண்டு தீர்மானம் எழுத்தில் கொடுத்தேன். சந்தா ரசீது ஆளுக்கு ஒன்றாக, அவரவர் பெயரில் போட வேண்டும் என்பது ஒன்று. அது நிறைவேறியது, இரண்டு அணியிலும் எதிர்க்க யாருக்கும் காரணம் இல்லை. இறந்தவர்கள் பெயரை அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிட்டு நீக்க வேண்டும் என்ற இரண்டாவதைக் கமிட்டி பரிசீலிக்கும் என்று தள்ளி வைத்தார்கள். இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள். என் கணவர் பெயரை நீக்க நானே சான்றிதழ் நகலோடு எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது கை நடுங்கியது, ஆனாலும் கொடுத்தேன். வேறு யாரோ அவர் பெயரில் ஓட்டுப் போடுவதற்கு இது தேவலை.

உங்கள் சபையில் சந்தா வருஷம் மார்ச்சில் முடிகிறதா, டிசம்பரிலா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் பெயரில், வீட்டில் வயது வந்த ஒவ்வொருவர் பெயரிலும் கட்டி, ரசீதை வாசித்துப் பார்த்து வாங்குங்கள். வாசலில் வசூலிப்பவர் நோட்டில் எழுதிக்கொண்டு போனால் பின்னாடியே போய் ரசீது கேளுங்கள். தேர்தல் இல்லாத வருஷத்தில் அங்கத்தினர் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை, எதற்கு என்றுகூடக் கேட்க மாட்டார்கள். அப்போதே போய்ப் பார்த்துவிடுங்கள்.